எக்செல் கற்றுக்கொள்ளப் போய் 30,904 ரூபாய் கட்டிய கதை

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சோறு போடுவதே கணக்குதான். பதினான்கு மாதம், வீணாய்ப் போனது 30,904 ரூபாய். என் மாதச் சம்பளம் 17,500 என்று தெரிந்தால் அந்தத் தொகை எனக்கு எவ்வளவு பெரியது என்று புரியும். இதில் ஒரு ரூபாய்கூட யாரும் என் பையிலிருந்து திருடவில்லை. எல்லாம் நானே கையெழுத்துப் போட்டு, நானே ஓடிபி சொல்லிக் கொடுத்தது. அதனால்தான் ரொம்ப நாள் வெளியே சொல்லாமல் இருந்தேன். போன மாதம் பக்கத்து யூனிட்டில் வேலை செய்கிற ஒரு பெண், "அக்கா, எக்செல்லும் ஃபைனான்ஸும் சேர்த்து ஒரு கோர்ஸ் வந்திருக்கு, இன்னைக்கு நைட்டுக்குள்ள சேரணுமாம்" என்று போனை நீட்டினாள். அதே விளம்பரம், நிறம் மட்டும் வேறு. சரி, எழுதிவிடுவோம் என்று தோன்றியது.

நான் பி.காம் படித்தவள். வீடு வேலூர் சத்துவாச்சாரி, வேலை ராணிப்பேட்டையில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைத்துக் கொடுக்கிற ஒரு சின்ன யூனிட்டில் அக்கவுண்ட்ஸ். எங்கள் முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பத்து வருடமாக டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரில் என்ட்ரி போடுகிறேன், பில் போடுகிறேன், ஜிஎஸ்டிக்கு ஆடிட்டர் ஆபீஸ் கேட்பதை எடுத்துக் கொடுக்கிறேன். எக்செல் தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்றுதான் சொல்வேன். கூட்டல் போடத் தெரியும், பார்டர் போடத் தெரியும், அவ்வளவுதான் என் எக்செல்.

2024 பிப்ரவரியில் அது வெளிச்சத்துக்கு வந்தது. அந்த வருடம்தான் வருமான வரியில் ஒரு புது விதி முதன்முறையாகக் கணக்கு முடிப்புக்கு வந்தது. குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்கினால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். அந்தக் கெடு தாண்டி, மார்ச் 31-க்குள்ளும் கொடுக்காமல் விட்டால் அந்தச் செலவை அந்த வருட லாபத்தில் கழிக்க முடியாது. பாய் என் மேசைக்கு வந்து, "யார் யாருக்கு 45 நாள் தாண்டிக்குதுன்னு ஒரு லிஸ்ட் போடும்மா, மத்தியானத்துக்குள்ள வேணும்" என்றார். எனக்கு மூன்று நாள் ஆனது. ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த ஃபைலைத் திறந்து, ஒவ்வொரு பில்லாகக் காலண்டரைப் பார்த்து விரல் விட்டு எண்ணினேன், உண்மையாகவே. அப்படியும் லிஸ்ட் தப்பு. ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில், மாதம் முன்னால், நாள் பின்னால் என்று இருந்திருக்கிறது. ஜனவரி 2-ஆம் தேதி பில் ஒன்று பிப்ரவரி 1 என்று மாறி, 55 நாள் ஆன பில் 25 நாள் என்று சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. ஆடிட்டர் ஆபீஸ் பையன் ஒரே பார்வையில் கண்டுபிடித்தான். "அக்கா, 12-ஆம் தேதி வரைக்கும் இருக்கிற பில்லெல்லாம் நாளும் மாசமும் இடம் மாறிக்கும், 13-லிருந்து மாத்த முடியாததால டெக்ஸ்டா நின்னுடும், பாருங்க இடப்பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கு" என்றான். பாய் எதுவும் சொல்லவில்லை. அது திட்டுவதைவிட மோசம்.

அடுத்த வாரம் அவரே இன்னொரு கேள்வி கேட்டார். 40 லட்சத்துக்கு ஒரு ஆர்டர் வருகிறது, ஆனால் 90 நாள் கடன், எடுத்தால் நமக்கு என்ன நிற்கும் என்று. அடக்கவிலை 37,60,000, மிச்சம் 2,40,000 என்று சொன்னேன். "அது எனக்கே தெரியும்மா, பேங்க் வட்டி போக என்ன நிக்கும்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஆற்காடு, மேல்விஷாரம், ரத்தினகிரி எல்லாம் தாண்டியும் அந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கோர்ஸ் தேட ஆரம்பித்தேன்.

இங்கேயே என் முதல் தப்பு. இரண்டு தனித்தனிப் பிரச்சினைகளை ஒன்றாகக் குழப்பிக்கொண்டேன். தேதி லிஸ்ட் தப்பாய்ப் போனது எக்செல் தெரியாததால். வட்டி போக என்ன நிற்கும் என்று சொல்ல முடியாதது எக்செல் தெரியாததால் இல்லை, தொழிலில் பணம் எப்படிச் சுற்றுகிறது என்று எனக்குத் தெரியாததால். இரண்டையும் சேர்த்து ஒரே பொட்டலமாக விற்பவர்கள் நிறைய, இரண்டையும் உருப்படியாகச் சொல்லிக் கொடுப்பவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை. தேடும் முன்னால் ஒரு பேப்பர் எடுத்து, வேலையில் உங்களால் செய்ய முடியாமல் போன ஐந்து விஷயங்களை எழுதுங்கள். எது கம்ப்யூட்டர் குறை, எது கணக்கு குறை என்று பிரியுங்கள். நான் இதை ஒரு வருடம் கழித்துச் செய்தேன், பத்து நிமிடம் ஆனது.

முதலில் போனது வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டர். 'அட்வான்ஸ்டு எக்செல் வித் அக்கவுண்ட்ஸ்' என்று போர்டு. 7,500 ரூபாய், மூன்று மாதம், சாயங்காலம் ஏழிலிருந்து எட்டரை. வேலை முடிந்து நேராக அங்கே போய், ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்து சமைப்பேன். ஏப்ரல், மே வெயில், வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மாடி ரூமில் ஒரு ஃபேன். முதல் ஒரு மாதம் போல்டு, இட்டாலிக், செல்லை மெர்ஜ் செய்வது. (செல்லை மெர்ஜ் செய்யவே கூடாது, அப்புறம் லிஸ்டை வரிசைப்படுத்த முடியாது, ஃபில்டர் படுத்தும் என்று பிற்பாடு தெரிந்தது. அதைத்தான் காசு கொடுத்துக் கற்றேன்.) சொல்லிக் கொடுத்த பையன் அங்கேயே போன வருடம் படித்து முடித்தவன், தங்கமான பிள்ளை, ஆனால் ஒரு நாள்கூட எந்த ஆபீஸிலும் வேலை செய்ததில்லை. ஒரு லிஸ்டில் இருப்பதை இன்னொரு லிஸ்டில் தேடி எடுக்கிற விலுக்கப் ஃபார்முலா வந்தபோது புத்தகத்தில் இருந்த மாணவர் மதிப்பெண் பட்டியலில் செய்து காட்டினான், அழகாக வந்தது. மறுநாள் எங்கள் ஸ்டோர்ஸ் லிஸ்டில் போட்டேன். பாதிக்கு எர்ரர், மீதிக்குத் தப்பான விலை.

அந்தத் தப்பான விலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இது நிறையப் பேருக்கு நடக்கிறது. விலுக்கப்பில் நான்காவதாக ஒன்று கேட்கும். அதில் ஃபால்ஸ் அல்லது பூஜ்யம் போடாமல் விட்டால், எக்செல் சரியாகப் பொருந்துவதைத் தேடாமல் ஏறக்குறையப் பொருந்துவதை எடுத்துக் கொடுத்துவிடும், எர்ரர்கூடக் காட்டாது. எர்ரர் வந்த பாதிக்குக் காரணம் வேறு. 'லைனிங் பிளாக்' என்று ஆங்கிலத்தில் அடித்திருந்த செல், இரண்டு ஷீட்டிலும் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது. எத்தனை எழுத்து என்று எண்ணுகிற லென் ஃபார்முலா போட்டுப் பார்த்தால் ஒன்றில் 12, இன்னொன்றில் 13. கடைசியில் யாரோ ஒரு ஸ்பேஸ் தட்டியிருக்கிறார்கள். டிரிம் போட்டால் போய்விடும். இணையத்திலிருந்து காப்பி செய்த லிஸ்டாக இருந்தால் சில நேரம் டிரிம்முக்கும் அசையாது, அது வேறு ஜாதி ஸ்பேஸ், கேரக்டர் 160, அதை சப்ஸ்டிட்யூட் போட்டு எடுக்க வேண்டும். இதையெல்லாம் அந்தப் பையனிடம் கேட்டபோது, "உங்க ஃபைல் ஏதோ கரப்ட் ஆயிருக்கு மேடம்" என்றான். மாணவர் மதிப்பெண் பட்டியலில் யாரும் கடைசியில் ஸ்பேஸ் தட்டியிருக்க மாட்டார்கள் இல்லையா, அவனுக்கு எப்படித் தெரியும்.

ஆகவே சேரும் முன்னால் உங்கள் வேலையில் உள்ள ஒரு ஃபைலை, பெயர்களையும் தொகைகளையும் மாற்றிவிட்டு, பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள். இதில் எனக்கு இன்ன லிஸ்ட் வேண்டும், எடுத்துக் காட்டுங்கள் என்று சொல்லுங்கள். செய்து காட்டினால் சேருங்கள். "அதெல்லாம் கோர்ஸ் முடியறப்ப தானா வந்துடும்" என்றால் படியிறங்கிவிடுங்கள். டெமோ கிளாஸ் கேளுங்கள், ஆனால் டெமோ எடுப்பவரும் தினம் வகுப்பெடுப்பவரும் ஒரே ஆளா என்றும் கேளுங்கள். சர்டிபிகேட்டுக்காகச் சேர்கிறீர்கள் என்றால் அது வேறு வழி. அரசு வேலையில் டைப்பிஸ்ட் மாதிரிப் பதவிகளுக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிற கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வுதான் பேசும், சென்டர்காரர் தங்க எழுத்தில் அடித்துத் தரும் சர்டிபிகேட் பேசாது. எங்கள் யூனிட் மாதிரி இடத்தில் எந்த சர்டிபிகேட்டையும் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை, லிஸ்ட் மத்தியானத்துக்குள் வருகிறதா என்பதுதான்.

இரண்டாவதுதான் பெரிய அடி. ஜூன் கடைசியில் போனில் ஒரு விளம்பரம்: 99 ரூபாய்க்கு மூன்று மணி நேர ஒர்க்‌ஷாப், எக்செல், பிசினஸ் ஃபைனான்ஸ், ஃபைனான்ஷியல் மாடலிங். ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தேன். முதல் முக்கால் மணி நேரம் உண்மையிலேயே நன்றாக இருந்தது, பெரிய லிஸ்டை நொடியில் சுருக்கித் தொகுத்துக் காட்டுகிற பிவட் டேபிளை அப்படி யாரும் எனக்குக் காட்டியதில்லை. மிச்ச நேரம் முழுக்க யார் யாருக்கு எத்தனை லட்சம் சம்பளம் கூடியது என்ற கதை. முடிந்த ஐந்தாவது நிமிடம் போன். "மேடம், நான் உங்க கேரியர் கவுன்சிலர் பேசறேன்." கோர்ஸ் 80,000, உங்களுக்கு மட்டும் 45,000, இன்று இரவு 12 மணி வரைதான். என்னிடம் அவ்வளவு இல்லை என்றேன். அதற்கென்ன, மாதத் தவணையாகக் கட்டலாம், வருடத்துக்கு வெறும் 10% வட்டி, மாதம் 4,125 என்றார். என் சம்பளத்தில் கிட்டத்தட்ட கால்வாசி. அவர் ஒரு வார்த்தை சொன்னார், "உங்கமேல நீங்களே செலவு பண்ணாட்டி யார் மேடம் பண்ணுவாங்க?" அது எங்கேயோ குத்தியது. பெண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ், மாமியாருக்கு மருந்து என்றே பழகியவளுக்கு அது குத்தத்தான் செய்யும், அவர்களுக்கும் அது தெரியும். ஆதார், பான், வீடியோவில் முகம், ஓடிபி. இருபது நிமிடம். ப்ராசஸிங் ஃபீஸ் 1,500 தனி. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. கற்று முடித்துச் சம்பளம் கூடியபின் சொல்லிக்கொள்ளலாம் என்று.

நான் எடுத்தது தவணை இல்லை, கடன். கோர்ஸ் கம்பெனிக்கு 45,000-ஐ ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி அன்றே கொடுத்துவிட்டது. நான் கடன்பட்டது அந்த ஃபைனான்ஸ் கம்பெனியிடம். கோர்ஸ் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்தக் கடன் அதன் பாட்டுக்கு ஓடும், கட்டாவிட்டால் என் சிபில் ஸ்கோரில் விழும். அன்று இரவு மெயிலில் பதினோரு பக்க பிடிஎஃப் வந்தது, திறக்கவே இல்லை. மூன்று நாளுக்குள் கேட்டால் கோர்ஸ் பணம் முழுவதும் திரும்பும் என்று எழுதியிருந்தார்கள். முதல் வகுப்பே ஆறாவது நாள்தான். ஆப் வழியாகத் தருகிற கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-லேயே விதி போட்டிருக்கிறது. கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் என்று ஒரு தாளில் எல்லாச் செலவும் சேர்ந்த வருட வட்டியைக் காட்ட வேண்டும், கூலிங் ஆஃப் என்று, மனம் மாறினால் விலக ஒரு அவகாசம் கொடுக்க வேண்டும், அதற்குள் அசலையும் அதுவரைக்கான வட்டியையும் கட்டி அபராதம் இல்லாமல் வெளியே வந்துவிடலாம். அந்தப் பதினோரு பக்கத்தில் இதெல்லாம் இருந்தது. தினமும் அடுத்தவர் பில்லை வரிவரியாகச் சரிபார்க்கிற நான், என் கடன் தாளைத் திறக்கவில்லை.

கோர்ஸ் எப்படி இருந்தது என்றால், மோசம் என்று சொல்ல மாட்டேன், எனக்கானது இல்லை. எல்லாம் டாலரில், அமெரிக்க கம்பெனிகளின் கணக்கு. ஐந்து வருட ப்ரொஜெக்‌ஷன், கம்பெனிக்கு மதிப்புப் போடுவது, பங்குச் சந்தை. இன்வெஸ்ட்மென்ட் பேங்கில் வேலை தேடுகிற பையன்களுக்கு உதவலாம். அப்புறம், அவர்கள் விலுக்கப்புக்குப் பதிலாக வந்த எக்ஸ்லுக்கப் என்று ஒன்றை ஆஹா ஓஹோ என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆபீஸில் வந்து போட்டால் நேம் எர்ரர். எங்கள் ஆபீஸில் இருப்பது எக்செல் 2016. எக்ஸ்லுக்கப் 2021-லும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் சந்தா கட்டுகிற 365-லும்தான் உண்டு. எந்தப் பதிப்பில் சொல்லித் தருகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. சந்தேகம் கேட்டால் வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள் என்பார்கள், 400 பேர் இருக்கிற குரூப்பில் கட்டைவிரல் படம் ஒன்று விழும், அவ்வளவுதான்.

தவணை ஐந்தாம் தேதி எடுப்பார்கள், எங்களுக்குச் சம்பளம் ஏழுக்கு மேல். இரண்டு முறை பணம் இல்லாமல் திரும்பி, தடவைக்கு 590 அபராதம். இரண்டாவது முறை வசூல் போன் எனக்கு வரவில்லை, வீட்டுக்காரருக்குப் போனது. விண்ணப்பத்தில் ரெஃபரன்ஸ் என்று கேட்ட இடத்தில் அவர் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். சாயங்காலம் வந்து, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார், அவ்வளவுதான். இரண்டு நாள் வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான். அந்த இரண்டு நாளைப் பற்றி வேறு எதுவும் எழுத முடியவில்லை.

மூன்றாம் நாள் அவரே உட்கார்ந்து மெயிலெல்லாம் பார்த்தார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டு, நடந்ததைத் தேதிவாரியாகச் சொல்லிப் பதிந்தோம். கவுன்சிலர் வாட்ஸ்அப்பில் 'லைவ் டவுட் கிளாஸ் வாரம் மூணு' என்று எழுதியிருந்தது காப்பாற்றியது, நடந்தது மொத்தமே நான்கு. போனில் பேசியதற்கு ஆதாரம் கிடையாது, அதனால் என்ன வாக்கு கொடுத்தாலும் "அதையே எழுதி அனுப்புங்க சார்" என்று கேட்டு வாங்கி வையுங்கள். மூன்று வாரம் இழுத்தடித்து, மீதித் தவணைகளைக் கோர்ஸ் கம்பெனிக்காரர்களே ஃபைனான்ஸ் கம்பெனிக்குக் கட்டி முடித்தார்கள். நான் கட்டிய ஐந்து தவணை, 20,625, போனது போனதுதான். நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, அந்தக் கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். எனக்குத் தெம்பில்லை. கடனை முடித்தபிறகு பாக்கி இல்லை என்கிற 'நோ ட்யூஸ்' கடிதம் கேட்டு வாங்கியது மட்டும் உருப்படியான வேலை.

கற்றுக்கொண்ட கதை இனிமேல்தான். வீட்டுக்காரர் வேலை செய்கிற மருந்துக் கடைக்கு வாடிக்கையாக வருகிற ஒருவர், காட்பாடி காந்தி நகரில் இருக்கிற ரிட்டயர்டு பேங்க் அதிகாரி. தோல் ஷாப்புகளுக்கு வருடக் கணக்கில் லோன் பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், 500 ரூபாய், எட்டு வாரம். முதல் நாள் லேப்டாப்பைத் திறந்தேன், "மூடும்மா அதை" என்றார். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தை நீட்டி, பேனாவைக் கொடுத்தார். "தோல் வாங்கறீங்க. பணம் இப்ப எங்க இருக்கு?" தோலில் என்றேன். "வெட்டிட்டீங்க?" வெட்டின பீஸில். "தெச்சு அனுப்பிட்டீங்க?" பில்லில். "சரி, கைக்கு எப்ப வருது?" அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்டித் தைத்து அனுப்ப 30 நாள், பணம் வர 90 நாள், மொத்தம் 120 நாள் 37,60,000 வெளியே நிற்கிறது. 12% வட்டி என்றால் 1,48,340 ரூபாய். 2,40,000-ல் அது போனால் நிற்பது 91,660. கூலி வாரா வாரம் போவதால் உண்மையில் வட்டி கொஞ்சம் குறையும், ஆனாலும் கேள்விக்குப் பதில் இதுதான். பெருக்கல், வகுத்தல், கழித்தல். இதற்காகத்தான் நான் 45,000 கடன் வாங்கியிருந்தேன்.

அந்த எட்டு வாரத்தில் அவர் சொன்னதெல்லாம் எங்கள் யூனிட்டிலேயே தினம் நடக்கிற விஷயங்கள். சிறு தொழிலுக்கு பேங்க் எப்படிக் கடன் லிமிட் போடுகிறது என்று கேட்டேன். வருட விற்பனை 5 கோடி என்றால் அதில் கால் பங்கு, 1 கோடியே 25 லட்சம், தொழில் ஓடத் தேவை என்று வைத்துக்கொள்வார்கள். அதில் 25 லட்சம் முதலாளி போட வேண்டும், 1 கோடி பேங்க் தரும், நாயக் கமிட்டி கணக்கு என்று பெயர். கையில் எவ்வளவு சரக்கு, வர வேண்டிய பாக்கி எவ்வளவு என்று மாதா மாதம் நான் அனுப்புகிற ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை அவர்கள் எதற்காகக் கேட்கிறார்கள், 90 நாள் தாண்டிய பாக்கியைப் பொதுவாக ஏன் கணக்கில் எடுப்பதில்லை என்பதெல்லாம் அன்றுதான் புரிந்தது. பத்து வருடமாக அதை டைப் அடித்து அனுப்பிக்கொண்டிருந்தவள் நான். ஒரு நாள் அந்த 45,000 ரூபாய் கோர்ஸின் டெம்ப்ளேட்டைக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். வருங்காலத்தில் வருகிற பணத்துக்கு இன்றைய மதிப்பைச் சொல்கிற என்பிவி ஃபார்முலாவுக்குள் முதல் நாள் போடுகிற முதலீட்டையும் சேர்த்து வைத்திருந்தார்கள். அந்த ஃபார்முலா முதல் எண்ணை ஒரு வருடம் கழித்து வருவதாகத்தான் எடுத்துக்கொள்ளும், அதனால் முதலீட்டை வெளியே தனியாகக் கழிக்க வேண்டும்.

அவரிடம் போன மூன்றாவது வாரம், கடனின் உண்மையான வட்டியைக் காட்டுகிற ரேட் என்ற ஃபார்முலா. ஏதாவது கடன் இருந்தால் போட்டுப் பார் என்றார். எனக்கா இல்லை. 12 தவணை, 4,125, கையில் வந்தது 45,000 என்று போட்டேன். வருடத்துக்கு 18% பக்கம் வந்தது. 10% என்று அவர்கள் சொன்னது முழு 45,000-க்கும் வருடம் முழுக்கப் போட்ட வட்டி, நான்தான் மாதா மாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறேனே. ப்ராசஸிங் ஃபீஸைக் கழித்து 43,500 என்று மாற்றினேன். 24.5. சந்தேகத்தில் அந்தப் பழைய பிடிஎஃப்பைத் தேடித் திறந்தேன். மூன்றாம் பக்கத்தில் அதே எண் அச்சாகியிருந்தது.

அதன்பிறகு எக்செல்லுக்குத் தனியாகக் காசு எதுவும் கொடுக்கவில்லை. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டியுடோரியல் என்ற வீடியோ பாடத் தளத்தில், எக்செல் மாதிரியான லிப்ரே ஆபீஸ் கால்க் பாடங்கள் தமிழிலேயே இருக்கின்றன, இலவசம். கால்க்கும் இலவசம், அடிப்படையெல்லாம் எக்செல்தான். ஆங்கிலம் ஓரளவு புரியும் என்றால் மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே சும்மா பார்க்கக்கூடிய பாடங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகம் கோர்செரா என்ற ஆன்லைன் தளத்தில் நடத்துகிற எக்செல் கோர்ஸும் நல்லது, அந்த உச்சரிப்புக்குக் காது பழக எனக்கு ஒரு வாரம் பிடித்தது, ஆனால் பயிற்சி ஃபைலை வேண்டுமென்றே அழுக்காகக் கொடுக்கிறார்கள், அதுதான் வேண்டும். ஃபைனான்ஸை ஒழுங்காகப் படிக்க ஸ்வயம், என்பிடிஇஎல் தளங்களில் ஐஐடி பேராசிரியர்கள் எடுக்கிற வகுப்புகள் இருக்கின்றன, படிக்கக் கட்டணம் இல்லை, சர்டிபிகேட் வேண்டுமென்றால் தேர்வுக்கு மட்டும் ஆயிரம் ரூபாய் போலக் கேட்டார்கள். கிராமத்தில் இருக்கிற, வேலை தேடுகிற பிள்ளைகள் மாவட்டத்தில் வங்கி நடத்துகிற ஆர்செட்டி என்ற கிராமப்புற சுயதொழில் பயிற்சி மையத்தில் விசாரிக்கலாம், சாப்பாட்டோடு இலவசப் பயிற்சி தருகிறார்கள், இன்ன மாதம் இன்ன பயிற்சி என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

பஸ்ஸில் போகும்போது வீடியோ பார்ப்பேன், ஆபீஸ் போனதும் டீக்கு முன்னால் பத்து நிமிடம் அதையே எங்கள் லிஸ்டில் செய்வேன். பார்த்துவிட்டுச் செய்யாமல் விட்டது எதுவும் எனக்கு நிற்கவில்லை. எனக்குத் தினம் உதவுவது ஏழெட்டு விஷயம்தான்: டேபிளாக மாற்றுவது, பிவட், நிபந்தனை வைத்துக் கூட்டுகிற சம்இஃப்ஸ், விலுக்கப் மாதிரித் தேடி எடுக்கிற இண்டெக்ஸ் மேட்ச், டிரிம், தேதியைச் சரிசெய்வது, எஃப்4 தட்டி டாலர் குறி போடுவது. இவற்றுக்கு இரண்டு மாதம் போதும். பவர் க்வெரி என்று ஒன்று, எக்செல் 2016-லேயே டேட்டா டேபுக்குள் இருக்கிறது, மாதா மாதம் ஒரே மாதிரி ஃபைலைச் சுத்தம் செய்பவர்களுக்கு வரம், நான் இப்போதுதான் தொட்டிருக்கிறேன், அடிக்கடி மாட்டிக்கொள்கிறேன்.

இந்த வருடம் மார்ச்சில் 45 நாள் லிஸ்டைப் பாய் கேட்கும் முன்னாலேயே மேசையில் வைத்தேன். ஏப்ரலில் அதே பார்ட்டி, அதே 40 லட்சம், அதே 90 நாள். இந்த முறை லேப்டாப்பைத் திருப்பி அவர் பக்கம் வைத்து, நாள் இருக்கிற செல்லைக் காட்டினேன். 91,660 என்று இருந்ததை ரொம்ப நேரம் பார்த்தார். "60 போடு." போட்டேன், 1,28,745. ஏஜெண்டுக்குப் போன் போட்டு, வராண்டாவில் நடந்துகொண்டே பேசினார். திரும்பி வந்து, "75-க்குத்தான் ஒத்துக்கிறான், என்னா வருது?" என்றார். தட்டினேன், 1,10,203. "எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பையனைக் கூப்பிட்டு இரண்டு டீ சொன்னார்.